கடைமடைக்கு எட்டும் கல்வி

(சமுதாயக் கல்லூரிகளும் வெளிநாட்டுக் கூட்டுப் பயிற்சிகளும் பற்றி, காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் உழவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளிநாட்டுக் கல்லூரியுடன் இணைந்து நடத்தும் பயிற்சி, பன்னாட்டுச் சான்றிதழ், படித்து முடித்ததும் அயல்நாட்டுப் பண்ணையில் வேலை என்றெல்லாம் இப்போது சுவரொட்டிகளிலும் கைபேசியிலும் விளம்பரங்கள் வருகின்றன. உங்கள் வீட்டிலும் பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்த மகனோ மகளோ இருக்கக்கூடும். "அப்பா, இதில் சேரட்டுமா?" என்று அந்தப் பிள்ளை கேட்கும்போது, இரண்டு ஏக்கர் நிலம் வைத்திருப்பவர் உடனே பதில் சொல்லிவிட முடியாது. கட்டணம் என்பது அவருக்கு ஒரு போகத்து வருமானம். சில வீடுகளில் அது அம்மாவின் கழுத்து நகை. எனவே இத்தகைய கூட்டுப் பயிற்சி என்றால் என்ன, இதுவரை அது உழவருக்கு என்ன தந்துள்ளது, நல்லதையும் போலியையும் எப்படிப் பிரித்தறிவது என்பனவற்றை இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

கூரத்தின் செப்பேடு சொல்வது

இதைப் பேசுவதற்குக் கூரம் பொருத்தமான இடம். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் வழங்கிய செப்பேடுகள் இந்த ஊரின் பெயராலேயே கூரம் செப்பேடுகள் என்று வழங்குகின்றன. பரமேசுவர தடாகம் என்ற ஏரியும், அந்த ஏரிக்குப் பாலாற்றிலிருந்து வெட்டிய பெரும்பிடுகு என்னும் வாய்க்காலும் அவற்றில் குறிக்கப்படுகின்றன. தானமாக வந்த நிலத்தைப் பங்கு பிரித்தபோது, கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. தண்ணீருக்கும் கல்விக்கும் ஒரே ஏட்டில் ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

தொலைவில் உள்ள ஆற்று நீர் நம் வயலுக்கு வரவேண்டுமானால் வரத்துக்கால் வேண்டும், ஏரி வேண்டும், மதகு வேண்டும், மதகிலிருந்து வயல்வரை கிளைக்கால் வேண்டும். இவற்றில் ஒன்று தூர்ந்து போனாலும் கடைமடைக்காரர் வானத்தைத்தான் பார்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் கல்வியும் பயிற்சியும் இப்படித்தான். ஆறு எவ்வளவு பெரியது என்று விளம்பரம் சொல்லும். கடைமடைக்குத் தண்ணீர் வருகிறதா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

சமுதாயக் கல்லூரி என்பது என்ன?

அமெரிக்காவில் இல்லினாய்சு மாநிலத்து ஜோலியட் என்னும் ஊரில் 1901 ஆம் ஆண்டு ஆறு மாணவர்களுடன் ஓர் இரண்டாண்டுக் கல்லூரி தொடங்கியது. பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போக வசதியில்லாத உள்ளூர்ப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே வந்து படிப்பதற்காக ஏற்பட்டது அது. அந்த வகைக் கல்லூரிகள் பின்னர் அந்நாடெங்கும் பெருகின. அவற்றைத்தான் சமுதாயக் கல்லூரிகள் என்கிறோம். அந்தந்த வட்டாரத்தில் என்ன தொழில் நடக்கிறதோ, அங்குள்ள மக்களுக்கு எது தேவையோ, அதையே குறைந்த கட்டணத்தில் கற்பிப்பது அவற்றின் நோக்கம்.

நம் நாட்டில் இந்த எண்ணம் முதலில் தமிழ் மண்ணில்தான் வேர் விட்டது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரி 1995 இலும், சென்னை சமுதாயக் கல்லூரி 1996 இலும் தொடங்கப்பட்டன. லயோலா கல்லூரியின் முதல்வராக இருந்த சேவியர் அல்போன்ஸ் அடிகளார் இந்தக் கல்லூரிகள் பரவுவதற்குப் பெரிதும் உழைத்தவர். அமெரிக்க முறையை அப்படியே பெயர்த்து நடவில்லை. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர், வேலையற்ற பெண்கள், ஏழை இளைஞர் ஆகியோருக்கு வாழ்க்கைத் திறன், தொழில் திறன், பணியிடத்தில் நேரடிப் பயிற்சி என்று பாடத்தை நம் தேவைக்கு மாற்றி அமைத்தனர். 2002 இல் அமைந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இத்தகைய கல்லூரிகள் பலவற்றுக்கு ஏற்பளித்துச் சான்றிதழ் வழங்கியது. 2013 இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் கல்லூரிகளுக்குள்ளேயே சமுதாயக் கல்லூரிகளை நடத்த ஒரு திட்டத்தைக் கொண்டு வந்தது.

ஆக, சமுதாயக் கல்லூரி என்ற எண்ணமே கடல் கடந்து வந்ததுதான். வந்த எண்ணத்தை நம் மண்ணுக்கு ஏற்பப் பண்படுத்தியதால்தான் அது முளைத்தது.

மடகாஸ்கரின் சிறு பள்ளி

வெளிநாட்டுத் தொடர்பால் உழவனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். உங்கள் நெல் வயலிலிருந்தே விடை சொல்கிறேன்.

ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே மடகாஸ்கர் என்னும் தீவு இருக்கிறது. அரிசிச் சோறு உண்ணும் நாடு. அங்கே ஹென்றி டி லௌலானி என்ற பிரெஞ்சுப் பாதிரியார், ஆண்ட்சிராபே என்னும் ஊரில் கிராமத்துப் பிள்ளைகளுக்காக ஒரு சிறு வேளாண்மைப் பள்ளி நடத்தி வந்தார். 1983 இல் பருவம் தப்பிய நிலையில், நாற்று முற்றும்வரை காத்திராமல் 15 நாள் நாற்றையே பிடுங்கி நட்டார்கள். ஒற்றை ஒற்றை நாற்றாக, இடைவெளி விட்டு நட்டிருந்தார்கள். அந்தப் பயிர் எவரும் எதிர்பாராத அளவுக்குத் தூர் கட்டியது. அதைப் பார்த்து, ஆண்டுக்கு ஆண்டு சோதித்து, ஒரு சாகுபடி முறையாகவே வகுத்தார்கள்.

1990 களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் நார்மன் அப்ஹாஃப் அம்முறையை மடகாஸ்கர் வயல்களில் நேரில் கண்டு, பிற நாடுகளுக்கு எடுத்துச் சொன்னார். 2000 ஆம் ஆண்டில் கோவைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைச் சோதிக்கத் தொடங்கியது. பேராசிரியர் தியாகராஜன் அவர்கள் இப்பணியில் முன்னின்றார். 2003-04 இல் காவிரிப் பாசனப் பகுதியில் நூறு உழவர், தாமிரபரணிப் பாசனப் பகுதியில் நூறு உழவர் என்று அவரவர் வயலிலேயே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதற்குப் பிறகே அது பரிந்துரையாகி, திருந்திய நெல் சாகுபடி என்று உங்களிடம் வந்து சேர்ந்தது.

அதன் விவரம் உங்களுக்குத் தெரியும். ஏக்கருக்கு 20 கிலோவுக்கு மேல் விதை விட்ட இடத்தில் 2 முதல் 3 கிலோ போதும். ஏக்கருக்கு ஒரு சென்ட் நாற்றங்கால் போதும். 14 நாள் நாற்றை 25 செ.மீ. இடைவெளியில் சதுரமாக, குத்துக்கு ஒன்றாக நடவேண்டும். நட்ட பத்தாம் நாள் தொடங்கிப் பத்து நாட்களுக்கு ஒரு முறை கோனோ களைக்கருவியை உருட்ட வேண்டும். மண்ணில் மயிரிழை வெடிப்புக் கண்டபின் இரண்டரை செ.மீ. அளவுக்குத் தண்ணீர் கட்ட வேண்டும்.

ஒரு தீவில் கிராமத்துப் பிள்ளைகள் படித்த சிறு பள்ளி, ஒரு பெரிய பல்கலைக்கழகம், நம் பல்கலைக்கழகம், இருநூறு தமிழக உழவர்கள் ஆகிய நால்வரும் கைகோத்ததால் வந்த பயன் இது. இந்தச் சங்கிலியில் கடைசிக் கண்ணியாகிய அந்த இருநூறு வயல்கள் இல்லாமற் போயிருந்தால், அது ஆராய்ச்சி ஏட்டில் ஒரு கட்டுரையாகவே நின்றிருக்கும்.

இதில் இன்னொன்றும் உண்டு. ஏரிப் பாசனத்தில் ஒருவர் வயலைத் தாண்டித்தான் அடுத்தவர் வயலுக்குத் தண்ணீர் பாய்கிறது. மேல் வயல்காரர் காயப்போட நினைத்தாலும், கீழ் வயல்காரருக்குத் தண்ணீர் போயாக வேண்டும். எனவே காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவதற்கு ஒரே மதகுக்காரர்கள் கூடிப் பேசி முறை வைத்துக்கொள்ள வேண்டும். இதை மடகாஸ்கரோ அமெரிக்காவோ நமக்குச் சொல்லித் தராது. உள்ளூர்ப் பாடத்தை உள்ளூரார்தான் எழுத வேண்டும்.

தேனியிலிருந்து வெளிநாடுகளுக்கு

கற்பது எப்போதும் அங்கிருந்து இங்கு வருவதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. நம்மிடமிருந்து பிறர் கற்றதும் உண்டு.

காமன்வெல்த் நாடுகள் சேர்ந்து தொலைநிலைக் கல்விக்காகக் கனடாவில் காமன்வெல்த் கற்றல் அமைப்பு என்ற ஒன்றை நடத்துகின்றன. அது 2004 வாக்கில் உழவர்களுக்கான வாழ்நாள் கல்வித் திட்டத்தைத் தமிழ்நாட்டில் தொடங்கியது. தேனி மாவட்டத்தில் விடியல் என்னும் தொண்டு நிறுவனத்தின் வழியாக மகளிர் குழுக்கள் அதில் இணைந்தன. நம் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் பங்கு கொண்டன.

அங்கே செய்த முறையைக் கேளுங்கள். முதலில் யாரையும் வகுப்பறையில் உட்கார வைக்கவில்லை. பெண்கள் கூடிப் பேசி, எங்களுக்கு ஆடு வளர்ப்புத்தான் ஏற்றது என்று தாங்களே முடிவு செய்தார்கள். எத்தனை ஆடு, தீவனத்துக்கு என்ன செலவு, எப்போது விற்பது என்று கணக்குப் போட்டு வங்கிக்குத் திட்டம் கொடுத்தார்கள். ஆடு வாங்குவதற்கும், அதனோடு ஆளுக்கொரு கைபேசி வாங்குவதற்கும் வங்கி கடன் தந்தது. குடற்புழு நீக்கம், தடுப்பூசி, குட்டி பராமரிப்பு, தீவனம் என்று கால்நடை மருத்துவ வல்லுநர்கள் தயாரித்த பாடங்கள் குரல் செய்தியாக அந்தக் கைபேசிக்கு நாள்தோறும் வந்தன. எழுத்து தெரியாதவரும் மேய்ச்சல் காட்டில் நின்றபடியே பாடம் கேட்டார். கேட்டதை அன்று மாலையே பட்டியில் செய்து பார்த்தார்.

இதில் வங்கிக்கும் நன்மை உண்டு. தொழிலை அறிந்தவர் நடத்தும் தொழிலுக்குக் கொடுத்த கடன் திரும்பி வரும் என்ற நம்பிக்கை அதற்கு ஏற்பட்டது. கற்றவருக்கு ஆடு, வங்கிக்குத் தவணை, பல்கலைக்கழகத்துக்குத் தன் பாடம் பயன்படுகிறதா என்ற தெளிவு என்று எல்லாருக்கும் பங்கு கிடைத்தது. பின்னர் இதே முறை கென்யா, உகாண்டா, இலங்கை முதலிய நாடுகளுக்கும் சென்றது. தேனிப் பெண்களின் அனுபவம் ஆப்பிரிக்க உழவருக்குப் பாடமாயிற்று.

தண்ணீர் எங்கே நின்றுவிடுகிறது?

எல்லாக் கூட்டு முயற்சியும் இப்படிக் கடைமடைக்கு வந்து சேர்வதில்லை. சில, தலைமதகிலேயே நின்றுவிடுகின்றன. இரு நாட்டு அலுவலர்கள் கையெழுத்திடுவார்கள், பொன்னாடை போர்த்துவார்கள், படம் எடுத்துக் கொள்வார்கள். அதோடு சரி.

சில, நடுவாய்க்காலில் தூர்ந்து விடுகின்றன. பாடம் வேற்று மொழியில் இருக்கும். காட்டும் இயந்திரம் நூறு ஏக்கர் பண்ணைக்கு ஏற்றதாக இருக்கும். பயிற்சி முடிந்து ஊர் திரும்பிய பிள்ளை அந்த இயந்திரத்தை மீண்டும் கண்ணால் காண்பதில்லை.

இன்னும் சில, பாதியில் நின்று போகின்றன. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2009 இல் நாடு முழுவதும் சமுதாயக் கல்லூரித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே அத்திட்டம் நிறுத்தப்பட்டது. நடுவில் சேர்ந்திருந்த மாணவர்கள் தங்கள் சான்றிதழின் நிலை என்ன என்று அலைய நேர்ந்தது. பெயர் பெற்ற நிறுவனத்தின் திட்டத்துக்கே இப்படி நேரக்கூடும் என்றால், முகவரி தெரியாத நிறுவனத்தை நம்பி நகையை அடகு வைப்பதற்கு முன் எவ்வளவு விசாரிக்க வேண்டும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கட்டணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

விதை வாங்கும்போது அட்டையைப் பார்க்கிறீர்கள். முளைப்புத் திறன் எவ்வளவு, காலாவதி நாள் எது என்று கேட்கிறீர்கள். கல்விக்கும் அவ்வாறே கேளுங்கள். நிறுவனத்தார் கோபித்துக் கொண்டால், அதுவே ஒரு பதில்தான்.

1. சான்றிதழ் தருபவர் யார்? பயிற்சி நடத்துபவர் ஒருவராகவும், சான்றிதழ் தருபவர் வேறொருவராகவும் இருக்கலாம். சான்றிதழில் அச்சாகும் பெயர் எது என்று கேட்டு, ஏற்கெனவே முடித்தவரின் சான்றிதழை வாங்கிப் பாருங்கள்.

2. இந்த ஆண்டுக்கு ஏற்பு இருக்கிறதா? முன்பு இருந்த ஏற்பு இன்று இருக்க வேண்டும் என்பதில்லை. ஏற்பளித்த பல்கலைக்கழகத்துக்கு நேரே கடிதம் எழுதிக் கேளுங்கள். அஞ்சல் செலவு கட்டணத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

3. வெளிநாட்டுப் பட்டம் என்றால் அதற்கு அனுமதி உண்டா? இந்தியக் கல்லூரியும் வெளிநாட்டுக் கல்லூரியும் கூட்டாகப் பட்டம் வழங்குவதற்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 இல் விதிமுறைகள் வகுத்துள்ளது. வெளிநாட்டுக் கல்லூரியின் பெயரை மட்டும் வாடகைக்கு வாங்கிக் கடை விரிப்பதை அவ்விதிகள் ஏற்கவில்லை.

4. கையால் செய்யும் பயிற்சி எத்தனை நாள், எங்கே? பண்ணை எது, பட்டறை எது என்று நேரில் போய்ப் பாருங்கள். உழவுக் கருவி பழுது பார்க்கும் பயிற்சிக்கு ஒரு பவர் டில்லர்கூட இல்லாத இடத்தில் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்?

5. முன்பு படித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்? பக்கத்து ஊர்களில் ஐந்து பேரைத் தேடிக் கண்டு பேசுங்கள். விளம்பரத்தில் சிரிக்கும் முகங்களைவிட அந்த ஐவரின் சொல் பெரிது.

6. வெளிநாட்டு வேலை தருகிறேன் என்பவர் பதிவு பெற்ற முகவரா? வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவரா என்று பாருங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்கி வருகிறது. அங்கேயும் விசாரிக்கலாம். எடுத்துக்காட்டாக, திறன் தொழிலாளர்களை அனுப்புவதற்கு இந்தியாவும் ஜப்பானும் 2021 சனவரியில் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. வேளாண்மையும் அதில் அடங்கும். ஆனால் அதன்படி போவதற்கு ஜப்பானிய மொழித் தேர்விலும் தொழில் தேர்விலும் தேறவேண்டும். பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கும் எந்தப் பயிற்சிச் சான்றிதழும் அந்தத் தேர்வுகளுக்கு ஈடாகாது.

ஊராக நின்று கேளுங்கள்

இந்தக் கேள்விகளை ஒருவர் கேட்டால் ஒரு பதில் வரும். இருபது பேர் சேர்ந்து கேட்டால் வேறு பதில் வரும். எனவே உங்கள் உழவர் ஆர்வலர் குழு, மகளிர் சுய உதவிக் குழு, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஆகியவற்றின் வழியாகக் கல்லூரிகளை அணுகுங்கள். எங்கள் ஊரில் இத்தனை பேருக்கு நாற்று நடவு இயந்திரம் ஓட்டத் தெரிய வேண்டும், இத்தனை பேருக்குக் கறவை மாடு பராமரிப்பு வேண்டும், சொட்டுநீர்க் குழாய் பழுது பார்க்க இருவர் வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கொடுங்கள். உள்ளூர்த் தேவையை அறிந்து பாடம் அமைப்பதுதானே சமுதாயக் கல்லூரியின் இலக்கணம்? பட்டியல் இல்லாத ஊருக்கு வேறு யாரோ எழுதிய பாடம்தான் வந்து சேரும்.

சாதாரணப் பயிற்சிக்கெல்லாம் தொலைவு போக வேண்டிய தேவையும் இல்லை. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974 இல் புதுச்சேரியில் நம் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கப்பட்டது. இன்று மாவட்டந்தோறும் அத்தகைய நிலையங்கள் உண்டு. உங்களுக்குக் காட்டுப்பாக்கம் நிலையம் எட்டும் தொலைவில் இருக்கிறது. நெல்லைப் பற்றிய ஐயங்களுக்குத் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. முதலில் இவற்றின் கதவைத் தட்டுங்கள். இங்கே கிடைக்காத ஒன்று வெளிநாட்டுக் கூட்டுப் பயிற்சியில் கிடைக்கிறது என்று உறுதியானால் மட்டும் அதற்குப் பணம் செலவிடுங்கள்.

பயிற்சிக்குப் போய் வரும் பிள்ளைகளிடமும் ஊர் ஒன்றைக் கேட்டுப் பெறவேண்டும். கற்று வந்ததைப் பத்து சென்ட் நிலத்தில் செய்து காட்டு என்று சொல்லுங்கள். பக்கத்திலேயே பழைய முறையிலும் பத்து சென்ட் இருக்கட்டும். செலவு எவ்வளவு, ஆள் எத்தனை, விளைச்சல் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். காவிரியிலும் தாமிரபரணியிலும் அந்த இருநூறு உழவர்கள் செய்ததும் இதுதான். அறுவடையன்று ஊரார் வந்து இரண்டு அம்பாரத்தையும் பார்க்கட்டும். புதிய முறை தோற்றால் பத்து சென்ட்டோடு போயிற்று. வென்றால் அடுத்த நவரையில் ஊரே செய்யும்.

முன்னேற்றத்துக்காகப் பிள்ளையைத் தொலைவில் அனுப்புவதை நான் தடுக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் போகும் பிள்ளைகள் போகத்தான் செய்வார்கள். சிலர் கடலும் கடப்பார்கள். அவர்கள் போகும் வழி தெளிவாக இருக்கட்டும். கடன் பளு இல்லாமல் போகட்டும். ஊரிலேயே இருக்க விரும்பும் பிள்ளைக்கும், வேறு வழியில்லாமல் தங்கிவிட்டான் என்ற பெயர் வராமல், தொழில் தெரிந்தவன் என்ற மதிப்புக் கிடைக்கட்டும். இரண்டுக்கும் உதவுகிற கல்லூரிதான் நமக்கு வேண்டிய கல்லூரி.

பாலாற்று நீரைக் கூரத்துக்குக் கொண்டு வந்தவர்கள் ஆற்றின் பெருமையைப் பாடிக்கொண்டு நின்றுவிடவில்லை. வாய்க்காலை வெட்டினார்கள். உலகத்தின் அறிவு எந்த ஆற்றில் ஓடினாலும் சரி, அதை நம் வயல்வரை கொண்டுவரும் கிளைக்காலை வெட்ட வேண்டியவர்கள் நாம். அடுத்த குழுக் கூட்டத்திலேயே உங்கள் ஊருக்கு வேண்டிய பயிற்சிகளின் பட்டியலை எழுதத் தொடங்குங்கள். எழுதி முடித்ததும் அதன் ஒரு படியை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும், ஒரு படியை வேளாண் அறிவியல் நிலையத்திலும் கொடுத்துப் பயன் பெறுவீர்களாக.